அவர் நெற்றியில் வைரம், உன் நெற்றியில் நாமம்

2023 நவம்பரில் ஸ்னூப் டாக் உலகத்துக்கு ஒரு சேதி விட்டார். குடும்பத்தாரோடு கலந்து பேசி, ஆழ யோசித்து, புகையை விட்டுவிடுவதென்று முடிவெடுத்துவிட்டாராம். இந்த நேரத்தில் தன் தனிமையை எல்லோரும் மதிக்க வேண்டுமாம். முப்பது வருஷமாகக் கஞ்சாவையே கட்சிக்கொடியாகப் பிடித்து நடந்த மனிதர். உலகம் ஆடிப்போனது. பெரிய பெரிய செய்தி நிறுவனங்களெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு சேதியைப் பரப்பின. உடம்புக்கு என்னவோ ஏதோ என்று ரசிகர்கள் உருகினார்கள். நாலு நாளில் குட்டு உடைந்தது. அது ஓர் அடுப்பு விளம்பரம். புகை வராமல் விறகு எரியும் அடுப்பு. அவர் விட்டது அந்தப் புகையை.

கூத்து இதோடு முடியவில்லை. விளம்பரம் ஊரெல்லாம் பேசப்பட்டது, அடுப்புதான் விற்கவில்லை. எதிர்பார்த்த வியாபாரம் நடக்கவில்லை என்று அந்த நிறுவனம் ஒத்துக்கொண்டது; ஜனவரியில் அதன் தலைமை அதிகாரியின் நாற்காலி போயிற்று. ஸ்னூப்பின் நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை. 2017இல் டிரம்ப் பதவியேற்புக்குப் பாடப் போகும் கறுப்பினக் கலைஞர்களை வாய்க்கு வந்தபடி ஏசிய அதே ஸ்னூப், 2025இல் அதே டிரம்ப்பின் பதவியேற்பை ஒட்டி கிரிப்டோ வியாபாரிகள் வைத்த விருந்தில் போய் இசை பரிமாறினார். புகையை விடுவது கஷ்டம். மற்றதையெல்லாம் விடுவது சுலபம்.

இதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொள்ள ஒரு கூட்டம் எப்போதும் தயார். எங்கள் காலத்து ஹிப்ஹாப் இப்படியா இருந்தது, அப்போது கொள்கை இருந்தது, கோபம் இருந்தது, ஏழையின் குரல் இருந்தது, இந்தப் பொடியன்கள் வந்துதான் அதை நகைக்கடை ஆக்கிவிட்டார்கள் என்று புலம்புவார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ராப் ரசிகர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இந்தப் புராணம் கிடைக்கும். புராணத்துக்குரிய சகல லட்சணமும் அதற்கு உண்டு: நடந்தது பாதி, நடக்காதது பாதி, கதை சொல்கிறவர் மட்டும் எப்போதும் தேவர்கள் பக்கம்.

நடந்தது என்ன? 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண் சிண்டி கேம்பல், கட்டடத்தின் பொதுக்கூடத்தில் ஆட்டம் பாட்டத்துக்கு ஏற்பாடு செய்கிறாள். அண்ணன் கிளைவ் இசைத்தட்டு சுற்றுகிறான். அவன்தான் டீஜே கூல் ஹெர்க். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு, தாளம் மட்டும் தனியாக அதிரும் அந்தச் சில நொடிகளை முடிவில்லாமல் நீட்டுவது அவன் கண்ட வித்தை. பெண்களுக்கு நுழைவுக் கட்டணம் 25 சென்ட், பையன்களுக்கு 50. எதற்கு வசூல்? பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, சிண்டிக்குப் புதுத் துணி எடுக்க வேண்டும். ஹிப்ஹாப்பின் கருவறை என்று இன்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் இடத்தில் நடந்தது துணிமணிக்கான வசூல். ஆதியில் கொள்கை இருந்தது என்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஆதியில் ஒரு பெண்ணுக்கு நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகும் ஆசை இருந்தது. இதைவிட மானமுள்ள தொடக்கம் வேறெந்தக் கலைக்கும் வாய்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆசையைச் சுற்றி என்ன எரிந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நகரத்தைத் தன் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டிய அதிகாரி ராபர்ட் மோசஸ், பிராங்க்ஸின் வயிற்றைக் கிழித்து விரைவுச்சாலை போட்டிருந்தார். குடியிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் கிளப்பப்பட்டார்கள். வாடகை தேறாத கட்டடங்களை அவற்றின் சொந்தக்காரர்களே ஆள் வைத்துக் கொளுத்திவிட்டுக் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். நகர நிர்வாகம் அந்த நேரம் பார்த்து அங்கே தீயணைப்பு நிலையங்களை மூடியது. இந்த ஊரில் பொருளாசை பிடித்தவர் யார், 25 சென்ட் வசூலித்த பெண்ணா, குடித்தனக்காரர்கள் குடியிருக்கும்போதே வீட்டைக் கொளுத்தியவரா? பின்னாளில் ராப் பாடகன் கழுத்தில் தங்கச் சங்கிலியைப் பார்த்ததும் அமெரிக்காவின் மதிப்பீடுகள் அழிந்தன என்று செனட்டர்கள் கண்ணீர் விட்டார்கள். தீவைத்துச் சம்பாதித்தவர்களின் மதிப்பீட்டுக்காக அவ்வளவு கண்ணீர் செலவானதாக நான் படித்ததில்லை.

சரி, கொள்கைக் காலத்தின் முதல் பெரிய வெற்றிப் பாட்டு எது? 1979இல் வந்த 'ராப்பர்ஸ் டிலைட்'. அதில் பாடிய மூவரில் ஒருவர், பிக் பேங்க் ஹேங்க், பீட்சா கடையில் வேலை பார்த்தவர். அவர் பாடிய வரிகள் கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்ற பிராங்க்ஸ் கலைஞருடையவை. கேஸின் மேடைப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும் இடத்தைக்கூட மாற்றாமல் அப்படியே பாடிவிட்டார். திருடிய சட்டையில் உடையவன் பெயர் தைத்திருந்ததைக்கூடப் பார்க்காமல் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனவர் அவர். ஊரே கைதட்டியது. கேஸுக்கு அந்தப் பாட்டில் பெயரும் கிடைக்கவில்லை, பணமும் கிடைக்கவில்லை. நுங்கு தின்றவன் ஒருத்தன், கூந்தலைச் சுமந்தவன் ஒருத்தன். பொற்காலம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கேஸ் கதையில் எங்கேயோ அவசரமாக இருமிக்கொள்வார்கள்.

ஆகவே பொருளாசை நேற்று வந்ததில்லை. ஸ்லிக் ரிக் கழுத்தில் கிடந்த தங்கம் ஒரு சிறிய அடகுக்கடைக்குப் போதும். எரிக் பியும் ராக்கிமும் 1987இல் வெளியிட்ட 'பெய்ட் இன் ஃபுல்' ஆல்பத்தின் அட்டையில் கை நிறைய டாலர் நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த ஆல்பம் கலையின் சிகரம் என்பதிலும் எனக்கு மறுபேச்சில்லை. ஆசை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அன்று ஆசைப்பட்டவன் கல்லாவுக்கு வெளியே நின்றான். உள்ளே விடாத கடையின் பொருளை மாட்டிக்கொண்டு, அந்தக் கடைக்காரனையே முறைத்தான். இன்று அவன் கல்லாவுக்குள் உட்கார்ந்திருக்கிறான். முறைப்பு மட்டும் மாறவில்லை. இப்போது அது நம்மைப் பார்த்து.

இந்த இடமாற்றம் எப்படி நடந்தது என்பதற்கு ஒரு ஜோடி செருப்பில் தொடங்கலாம். ரன் டிஎம்சி குழுவினர் கயிறு கட்டாத அடிடாஸ் காலணியோடு மேடை ஏறினார்கள். கயிறைப் பிடுங்கிக்கொள்ளும் சிறைச்சாலையின் வழக்கம் அது என்பார்கள். 1986இல் அந்தக் காலணியைப் பற்றியே ஒரு பாட்டும் வந்தது. மேடிசன் ஸ்கொயர் கார்டன் கச்சேரியில் எல்லோரும் காலணியைக் கழற்றித் தூக்கிப் பிடியுங்கள் என்றார்கள். ஆயிரக்கணக்கான கைகள் உயர்ந்தன. கூட்டத்தில் அடிடாஸ் அதிகாரி ஒருவர் நின்றிருந்தார். அவர் அதுவரை கனவில்கூடப் பார்க்காத காட்சி: காசு கொடுத்துச் செருப்பு வாங்கியவன், அதைச் சாமி மாதிரித் தலைக்கு மேல் தூக்குகிறான். பத்து லட்சம் டாலர் அளவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ரன் டிஎம்சியை நான் குறை சொல்ல மாட்டேன். இலவசமாகக் கூவிக்கொண்டிருந்தவர்கள் கூலி கேட்டு வாங்கினார்கள், நியாயம். ஆனால் அன்று ராத்திரி அந்த அதிகாரி தன் மேலிடத்துக்குச் சொன்ன சேதி உலகம் முழுக்க உள்ள விற்பனைப் பிரிவுகளின் காதுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

எல்லாப் பிராண்டுகளும் அப்படிச் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போடவில்லை. ஹார்லெமில் 125ஆம் தெருவில் 1982இல் கடை திறந்தவர் டாப்பர் டான். ஐரோப்பியச் சொகுசு நிறுவனங்களின் முத்திரைகளைத் தோலில் அச்சிட்டு, அந்த நிறுவனங்கள் கற்பனைகூடச் செய்யாத அங்கிகளைத் தைத்தார். ராத்திரி பகலாகக் கடை திறந்திருக்கும். ராப் பாடகர்கள், மைக் டைசன், போதைப்பொருள் வியாபாரிகள் எல்லோரும் வாடிக்கையாளர்கள். கறுப்பன் உள்ளே நுழைந்தால் காவலாளியின் கண் பின்னாலேயே வரும் கடைகளின் முத்திரையை, அந்தக் கறுப்பனின் முதுகு முழுக்கப் பெரிதாக எழுதி அனுப்பினார். வந்தது வழக்கறிஞர் படை. ஃபெண்டி உள்ளிட்ட நிறுவனங்களின் சோதனைகளுக்குப் பிறகு 1992இல் கடை மூடப்பட்டது. திருட்டுச் சரக்காம்.

இருபத்தைந்து வருஷம் போயிற்று. 2017இல் குச்சி நிறுவனம் இத்தாலியில் நடத்திய ஃபேஷன் காட்சியில் ஓர் அங்கி வந்தது. 1989இல் டாப்பர் டான் ஓர் ஒலிம்பிக் ஓட்டக்காரிக்காகத் தைத்த அதே உப்பிய கை, அதே வெட்டு. முத்திரை மட்டும் மாறியிருந்தது. ஊர் சிரித்தபிறகு குச்சி அதை மரியாதை செலுத்துதல் என்றது. கவனியுங்கள்: ஹார்லெம்காரன் ஐரோப்பாவைப் பார்த்துச் செய்தால் திருட்டு, ஐரோப்பா ஹார்லெமைப் பார்த்துச் செய்தால் மரியாதை. 2018இல் குச்சியே பணம் போட்டு டாப்பர் டானுக்கு ஹார்லெமில் கடை திறந்துகொடுத்தது. எல்லோரும் சுபம் போட்டார்கள். கடை மூடிக் கிடந்த கால் நூற்றாண்டுக்கு யார் நஷ்டஈடு கொடுத்தார்கள் என்று கேட்டால் விருந்து கெட்டுவிடும், அதனால் யாரும் கேட்கவில்லை.

நடுவில் அலுவலகங்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தன. 1991இல் அமெரிக்க இசைத்தட்டு வரிசைப் பட்டியல் கடைக்காரர் சொல்லும் உத்தேசக் கணக்கை விட்டு, உண்மையான விற்பனையை எண்ணத் தொடங்கியது. எண்ணியதும் என்.டபிள்யூ.ஏ. குழுவின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. வாங்கியவர்களில் பெரும் பங்கு வெள்ளைக்காரப் புறநகர்ப் பிள்ளைகள். துப்பாக்கிக்குச் சந்தை இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு இல்லை என்று கம்பெனிகள் கண்டுகொண்டன. 1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் வானொலி உரிமையின் வரம்பைத் தளர்த்தியது. கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனம் சில வருஷங்களில் 1,200க்கு மேற்பட்ட நிலையங்களை விழுங்கியது. இனி எந்த ஊரில் எந்தப் பாட்டு ஒலிக்கும் என்பதை அந்த ஊர் தீர்மானிக்காது. இவ்வளவையும் செய்துவிட்டு, ராப்பில் ஏன் இவ்வளவு வன்முறை, இவ்வளவு பகட்டு என்று மாநாடு போட்டு விவாதித்தார்கள் பாருங்கள், அந்தத் துணிச்சலுக்குத்தான் தங்கச் சங்கிலி போட வேண்டும்.

அந்தக் காலத்திலும் இரண்டு வகை மனிதர்கள் இருந்தார்கள். ஏழைக் கறுப்பினப் பகுதிகளைக் குறிவைத்து விற்கப்பட்ட செயின்ட் ஐட்ஸ் என்ற மலிவான, போதை கூடிய மதுவின் விளம்பரத்தில் தன் குரலை அனுமதியில்லாமல் சேர்த்ததற்காக, பப்ளிக் எனிமியின் சக் டி 1991இல் வழக்குப் போட்டார். அதே மதுவை ஐஸ் கியூப் காசு வாங்கிக்கொண்டு கூவி விற்றார். இருவரும் ஒரே தலைமுறை. எங்கள் காலம், எங்கள் காலம் என்பவர்கள் எந்தக் காலத்தைச் சொல்கிறார்கள், சக் டியின் 1991ஐயா, ஐஸ் கியூபின் 1991ஐயா? ஐஸ்-டி கதை தனி ருசி: 1992இல் போலீஸைக் கொல்வது பற்றிப் பாடி அதிபர் வரைக்கும் கொதிக்க வைத்தவர், 2000 முதல் தொலைக்காட்சித் தொடரில் போலீஸ் துப்பறிவாளராகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறார். கால் நூற்றாண்டுப் பணிமூப்பு. நிஜப் போலீஸ்காரர் பலருக்கு அது கிடையாது.

இப்போது ஷாம்பேனுக்கு வருவோம், சாராயத்தில் இவ்வளவு தத்துவம் இருக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. கிரிஸ்டல் என்ற பிரெஞ்சு ஷாம்பேனை ராப் பாடகர்கள் பாட்டுக்குப் பாட்டு ஊற்றினார்கள், ஜே-ஸி அதில் முதல் வரிசை. சல்லிக்காசு வாங்காத விளம்பரம். 2006இல் அதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் தலைவர் ஃபிரெடெரிக் ரூஸோவிடம், இந்த ராப் சகவாசம் உங்கள் பெயருக்குக் கேடில்லையா என்று கேட்டார்கள். என்ன செய்ய, வாங்க வேண்டாம் என்று தடுக்க முடியாதே, டோம் பெரினியோன், க்ரூக் போன்ற போட்டி ஷாம்பேன்காரர்கள் இந்த வியாபாரத்தைச் சந்தோஷமாக ஏற்பார்கள் என்ற தோரணையில் பதில் வந்தது. வாசலுக்கு வெளியே நின்று வாழ்த்துப் பாடியவனுக்கு வீட்டுக்காரர் கொடுத்த வரவேற்பு. ஜே-ஸி கொதித்தார். இனவெறி என்றார், கிரிஸ்டலைப் புறக்கணித்தார். அதுவரை சரி. எனக்கும் அவர் பக்கம் நிற்கத்தான் தோன்றியது.

ஆனால் அந்தச் சுயமரியாதைப் போராட்டம் எங்கே போய்ச் சேர்ந்தது? வேறொரு ஷாம்பேனுக்கு. அதே வருஷம் ஆர்மாண்ட் டி பிரினியாக் என்ற தங்க நிறப் புட்டி அவர் வீடியோவில் தோன்றியது. 2014இல் அந்த நிறுவனத்தையே வாங்கினார். 2021இல் அதில் பாதியை விற்றார். யாருக்கு? டோம் பெரினியோனும் க்ரூக்கும் எந்த முதலாளியிடம் இருக்கின்றனவோ, அதே முதலாளிக்கு. ரூஸோ அவமதிப்பாகச் சொன்னதைப் பதினைந்து வருஷம் உழைத்து, கையெழுத்துப் போட்டு, உண்மையாக்கிக் கொடுத்திருக்கிறார். அவமானத்துக்கு இவ்வளவு நல்ல விலை கிடைத்தது சரித்திரத்தில் அபூர்வம். இதையும் ஒரு விடுதலைப் போராகக் கொண்டாடினார்கள். புருக்ளினின் மார்சி குடியிருப்பில் வளர்ந்த பையன் இன்று ஷாம்பேன் முதலாளி, ஆகவே மார்சி குடியிருப்பு ஜெயித்துவிட்டது என்றார்கள்.

ஹிப்ஹாப் இதுவரை விற்றவற்றில் மிக விலையுயர்ந்த சரக்கு இதுதான். செருப்பு இல்லை, சாராயம் இல்லை, கடிகாரம் இல்லை. ஒருத்தன் பணக்காரனானால் ஓர் இனமே விடுதலையாகிவிட்டது என்ற கதை. 2019இல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை ஜே-ஸியை நூறு கோடி டாலர்காரர் என்று அறிவித்தது. 2022இல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கில், வரிசையின் நடுவில் நிற்கும் வெள்ளையினக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900. நூறு கோடியை வைத்துக்கொண்டு அந்தச் சின்ன எண்ணைப் பார்த்துக் கோபப்படுவதற்குப் பதிலாக, நீயும் உழை, நீயும் முதலீடு செய், நீயும் சொத்து வாங்கு என்று பாட்டில் பாடம் நடத்துகிறார்கள். வீட்டுமனைத் தரகர் இதையே சொன்னால் கதவைச் சாத்துகிறோம். தாளத்தோடு சொன்னால் தத்துவம்.

2011ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் கூல் ஹெர்க் சிறுநீரகக் கல்லோடு அவதிப்படுகிறார். இந்தக் கலைக்கே தகப்பன் என்கிறோமே, அவருக்கு மருத்துவக் காப்பீடு இல்லை. சிகிச்சைக்கு ரசிகர்களிடம் துண்டு ஏந்த வேண்டியதாயிற்று. ஆகஸ்டில் ஜே-ஸியும் கான்யே வெஸ்டும் சேர்ந்து சிம்மாசனத்தின் பெயரில் ஓர் ஆல்பம் வெளியிடுகிறார்கள். அதில் ஒரு பாட்டின் வீடியோவுக்காக மேபக் கார் ஒன்றை அறுத்துக் கூறுபோட்டு, கதவில்லாமல் ஓட்டி விளையாடினார்கள். மூன்று லட்சம் டாலருக்கு மேல் விலை போகும் ரகம். பிறகு மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, அதை ஏலம் விட்டுக் கிழக்கு ஆப்பிரிக்க வறட்சி நிவாரணத்துக்குக் கொடுத்தார்கள். குறைந்தது ஒரு லட்சம் எதிர்பார்த்த இடத்தில் 60,000 டாலர் வந்தது. பட்டினி கிடந்தவனுக்குப் போய்ச் சேர்ந்தது, அறுத்து விளையாடி முடித்தபின் மிஞ்சியது. அதற்குச் சில வருஷம் முன்னால் 1520 செட்ஜ்விக் கட்டடமே விற்பனைக்கு வந்தபோது, வாடகை ஏறி வீதிக்கு வந்துவிடுவோமோ என்று குடித்தனக்காரர்கள் போராடினார்கள், ஹெர்க்கும் வந்து கூட நின்றார். கட்டடம் ஒரு ரியல் எஸ்டேட் முதலீட்டாளர் கைக்குப் போயிற்று. ஷாம்பேன் தோட்டமாக இருந்திருந்தால் நம் ஆட்கள் யாராவது போட்டிக்கு வந்திருப்பார்கள்.

வூ-டாங் கிளான் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டினால் ரத்தக் கொதிப்பு. பணம்தான் நம்மைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் ஆள்கிறது என்று 1993இல் கசப்போடு பாடிய குழு. 2015இல் ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள ஆல்பம் செய்து ஏலத்தில் விற்றார்கள். கலையின் மதிப்பை மீட்கவாம். இருபது லட்சம் டாலருக்கு வாங்கியவர் மார்ட்டின் ஷ்க்ரெலி. எய்ட்ஸ் நோயாளிகள் நம்பியிருந்த ஒரு மாத்திரையின் விலையை 13.50 டாலரிலிருந்து 750க்கு ஏற்றிய அதே மகான். பணத்தின் ஆட்சியைப் பற்றி எச்சரித்தவர்களின் இசை, அந்த ஆட்சியின் அசல் பிரதிநிதியின் பெட்டிக்குள் போய் அடங்கியது.

இப்போது பொடியன்கள். லில் ஊஸி வர்ட் 2021இல் தன் நெற்றியில் இளஞ்சிவப்பு வைரம் ஒன்றைப் பதித்துக்கொண்டார். விலை 2.4 கோடி டாலர் என்று அவரே சொன்னார், 2017 முதல் தவணை கட்டி வந்தாராம். நம் ஊர்க் கடவுளின் நெற்றிக்கண் திறந்தால் எதிரில் நிற்பவன் எரிவான். இது தவணையில் வாங்கிய கண், எரிந்தது சொந்தப் பணம். சில மாதத்தில் மயாமி கச்சேரியில் ரசிகர் கூட்டத்துக்குள் குதித்தார், ரசிகர்கள் வைரத்தைப் பிடுங்கிவிட்டார்கள். கல் மட்டும் பத்திரமாகத் திரும்பிவிட்டதாம். எனக்கு அந்தப் பையன் மீது கோபம் வரவில்லை. முப்பது வருஷமாக முன்னோர்கள் கழுத்திலும் கையிலும் பல்லிலும் போட்டு முடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்த இடம் நெற்றிதான்.

என் கோபம், ரசிகன் நெற்றியில் போடும் நாமத்தின் மீது. டிராவிஸ் ஸ்காட் பெயரில் 2020இல் மெக்டொனால்ட்ஸ் ஆறு டாலர் சாப்பாடு விற்றது. கூடவே கோழித் துண்டு வடிவில் ஒரு தலையணை, 90 டாலர். ஆறு டாலர் சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்க்கும் வீட்டுப் பிள்ளையிடம் 90 டாலருக்குத் துணிக் கோழி. டீஜே காலித் 50,000 டாலர் வாங்கியதை மறைத்து ஒரு கிரிப்டோ நாணயத்தை ரசிகர்களுக்குப் பரிந்துரைத்தார். 2018இல் பங்குச் சந்தை ஆணையம் பிடித்தது, ஒன்றரை லட்சம் டாலர் கட்டிவிட்டு வெளியே வந்தார். அந்த நாணயத்தை நடத்தியவர்கள் மோசடி வழக்கில் சிக்கினார்கள். 2023இல் ஏகான், நி-யோ, சோல்ஜா பாய், லில் யாட்டி ஆகியோர் மீதும் அதே மாதிரிக் குற்றச்சாட்டு. டிரேக் 2022 முதல் ஓர் இணையச் சூதாட்டத் தளத்தின் முகம். செருப்பை விற்றவன் ஒரு செருப்பையாவது கொடுத்தான். சாராயம் விற்றவன் ஒரு ராத்திரி மயக்கத்தையாவது கொடுத்தான். இவர்கள் விற்பது வெறும் எண். நீயும் என்னைப் போல் ஆகலாம் என்று மேடையில் பாடியதையே, இங்கே தட்டு, பணம் கட்டு என்று பொத்தானாக்கி வைத்திருக்கிறார்கள். பிராங்க்ஸ் கட்டடச் சொந்தக்காரனுக்குத் தீப்பெட்டியாவது செலவானது.

இந்தப் பகட்டையெல்லாம் நீதிமன்றம் எப்படிப் பார்க்கிறது என்பது இன்னொரு வேடிக்கை. 50 சென்ட் என்ற ராப் பாடகர் 2015இல் திவால் மனு போட்டார். மனு நிலுவையில் இருக்கும்போதே டாலர் கட்டுகளை அடுக்கி, ஓட்டாண்டி என்று பொருள்படும் 'புரோக்' என்ற ஆங்கிலச் சொல் வடிவில் கோத்து, படம் எடுத்து இணையத்தில் போட்டார். நீதிபதி கூப்பிட்டுக் கேட்டதும், அதெல்லாம் சினிமாவுக்கான போலி நோட்டு, பிம்பத்தைக் காப்பாற்றப் போட்டது என்றார். 2022இல் அட்லாண்டாவில் யங் தக் மீது கும்பல் வழக்குப் போட்டபோது, அவர் பாட்டு வரிகளையே அரசுத் தரப்பு சாட்சியமாகக் கொண்டுவந்து வைத்தது. ராப் பாடகன் படம் காட்டினால் கற்பனை, பாட்டுப் பாடினால் வாக்குமூலம். கடன்காரனிடமிருந்து தப்பிக்கக் கலை உதவும், ஜெயிலிலிருந்து உதவாது.

கடைசியாக அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளை மேடை. 2012இல் மடோனாவோடு அங்கே ஏறினார் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ., யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நம் பெண். கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். ஒரு நொடி. அதற்கு அந்தக் கால்பந்து லீக் கேட்ட நஷ்டஈடு 1.66 கோடி டாலர். அந்த விரலுக்காக நான் அவரைக் கொண்டாடியவன். அதனால்தான் 2024இல் அவர் அலைக்கதிர்களைத் தடுக்கும் உலோகத் துணித் தொப்பி விற்க வந்ததைப் பார்த்து வாயடைத்துப் போனேன். அதிகாரத்தின் மீதுள்ள சந்தேகத்தையும் தொப்பியாகத் தைத்து அளவு பார்த்து விற்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

2016இல் அதே லீக்கின் ஆட்டக்காரர் காலின் கேப்பர்னிக், போலீஸ் வன்முறைக்கு எதிராகத் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார். அந்தப் பருவத்துக்குப் பிறகு எந்த அணியும் அவரைச் சேர்க்கவில்லை. அந்த இடைவேளை மேடைக்குப் போகாதீர்கள் என்று கலைஞர்களிடையே பேச்சு எழுந்தது. 2019 ஆகஸ்டில், நூறு கோடி பட்டம் கிடைத்த இரண்டாம் மாதம், ஜே-ஸியின் ராக் நேஷன் நிறுவனம் அந்த லீக்கோடு ஒப்பந்தம் போட்டது. மண்டியிடும் கட்டத்தைத் தாண்டிவிட்டோம் என்று விளக்கமும் கொடுத்தார். உண்மைதான். மண்டியிட்டவனைத் தாண்டித்தான் உள்ளே போனார்.

2025 பிப்ரவரியில் அந்த மேடைக்கு கெண்ட்ரிக் லமார் வந்தார். புலிட்சர் விருது வாங்கிய முதல் ராப் கலைஞர், இந்தத் தலைமுறையின் மிகக் கூரிய மூளை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆப்பிள் மியூசிக் வழங்கியது, ராக் நேஷன் தயாரித்தது, டிரம்ப் நேரில் வந்து உட்கார்ந்திருந்தார். அமெரிக்கக் கொடியை மனித உடல்களால் கட்டி நடுவில் பிளந்தார்கள், புரட்சி பற்றிப் பாடினார்கள், விமர்சகர்கள் குறியீடு குறியீடாகப் பிரித்துப் படித்துப் பரவசப்பட்டார்கள். அந்த நடனக்காரர்களில் ஒருவர், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், சூடான் கொடியையும் பாலஸ்தீனக் கொடியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் ஓடினார். காவலர்கள் மடக்கித் தரையில் தள்ளி இழுத்துக்கொண்டு போனார்கள். லீக்கின் மைதானங்களில் அவருக்கு வாழ்நாள் தடை. ராக் நேஷன் உடனே அறிக்கை விட்டது: அந்தச் செயல் திட்டமிட்டதில்லை, நிகழ்ச்சியின் பகுதியும் இல்லை, எந்த ஒத்திகையிலும் அது இடம்பெறவில்லை. ஹிப்ஹாப் வியாபாரம் வெளியிட்ட அறிக்கைகளில் நான் முழுதாக நம்பியது அந்த ஒன்றைத்தான்.